புள்ளிக்குள்ளே பாட்டி

திரை முழுக்கக் கறுப்பா, பருமனா ஒரு "ஸ்ரீ". அதுக்குப் பக்கத்துல நான் போன்ல எடுத்த ராஜகோபுரம். டிசைனர் தம்பி அந்தப் படத்தை மவுஸோட வலது பட்டனால பிடிச்சு, இழுத்துக்கிட்டே வந்து, எழுத்து மேல கொண்டுபோய் விட்டார். குட்டியா ஒரு மெனு எட்டிப் பார்த்தது. அதுல "பவர் கிளிப் இன்சைட்"னு ஒரு வரி. தட்டினார். அவ்வளவுதான்! கறுப்பு போச்சு, கோபுரத்துக்குக் குறுக்கே ஓடின கரன்ட் கம்பி போச்சு, கீழே நின்ன ஆட்டோ போச்சு, ஸ்ரீயோட ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் சுதைச் சிற்பமும் வண்ணமும் நிலைநிலையா நிரம்பி நின்னுது. நான் நாற்காலியிலேர்ந்து எழுந்தே நின்னுட்டேன். "தம்பி, இன்னொரு தடவை!"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே கன்ட்ரோல்-இசட் அடிச்சுப் பழையபடி ஆக்கி, மறுபடியும் இழுத்து விட்டார். மறுபடியும் கோபுரம் உள்ளே போச்சு. நாலு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன். 47 வயசு எனக்கு. நாலு தடவையும் கை தட்டினேன்.

திருச்சி மெயின் கார்டு கேட் பக்கம், குறுகின மாடிப்படி ஏறினா வர்ற ஒரு சின்னக் கடை அது. மூணு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி, மை வாசனை. நான் அங்கே போனதுக்குக் காரணம் அக்கா. அவ மெல்பர்ன்ல இருக்கா, 50 வயசு நிறையுது. புடவை, நகை எதுவும் வேண்டாம்னுட்டா. "நம்ம ஊரை அனுப்புடா"ன்னா போன்ல. சும்மா சொன்னதுதான். ஆனா ராத்திரி முழுக்க அது என் மண்டைக்குள்ளே சுத்திச்சு. ஊரை எப்படி அனுப்பறது? அப்பதான் தோணிச்சு: ஊரோட பேரை அனுப்பலாம், அந்தப் பேருக்குள்ளே ஊரை வச்சு அனுப்பலாம். ஸ்ரீ, ர, ங், க, ம். எண்ணிப் பாருங்க, அஞ்சே அஞ்சு எழுத்து. எழுத்துக்கு ஒரு இடம். நாங்க வளர்ந்த அஞ்சு இடம்.

சாதாரணமாத்தான் விளக்கினார் அந்தத் தம்பி, கேட்ட எனக்குத்தான் தலைகால் புரியலை. முழு வார்த்தையையும் அடிச்சதும் அது ஒரே பொருளா இருக்கும், அதை முதல்ல தனித்தனி எழுத்தாப் பிரிக்கணும். அந்தக் கடையில இருந்த கோரல் டிரா மென்பொருள்ல கன்ட்ரோல்-கியூ அடிச்சா எழுத்து எழுத்தா இருக்கிறதை விட்டுட்டு வெறும் கோடா மாறிடும். கடைக்காரங்க பாஷையில "கர்வ் பண்றது". அப்புறம் கன்ட்ரோல்-கே, "பிரேக் அபார்ட்". இங்கேதான் தமிழ் தன் வேலையைக் காட்டுது! பிரிச்ச வேகத்துல "க"வோட வயித்துல இருக்கிற ஓட்டை அடைஞ்சுபோச்சு, "ங்", "ம்" ரெண்டோட புள்ளியும் தனியாத் தெறிச்சு விழுந்தது. ஓட்டையையும் உடம்பையும் சேர்த்துப் பிடிச்சு கன்ட்ரோல்-எல், "கம்பைன்"னு அடிச்சதும் வயிறு திரும்பத் திறந்தது. "புள்ளியைத் தனியா விட்டுட்டா படம் அதுக்குள்ளே போகாது சார், எழுத்தோட கம்பைன் பண்ணிடணும்"னார். புள்ளியைத் தனியா விட்டுடக் கூடாதுங்கிற அந்த ஒரு வார்த்தையை மனசுல முடிஞ்சு வச்சுக்குங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

அவர் பழைய ஆளு. பாமினி எழுத்துரு காலத்திலேர்ந்து வேலை பார்க்கறவர். அந்த எழுத்துருவெல்லாம் ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை உட்கார வச்சது. இப்ப யூனிகோட்ல "ஸ்ரீ"ங்கிற இந்த ஒரே உருவத்துக்குப் பின்னாடி ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறின்னு நாலு குறி வரிசையா நிக்குதாம், எழுத்துருதான் நாலையும் முடிச்சுப்போட்டு ஒண்ணா வரையுதாம். நாலு குறி ஒரே சன்னலா ஆகுது, அந்தச் சன்னல்ல 13 நிலை, 236 அடி ராஜகோபுரம்! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தக் கோபுரம் அக்காவுக்கு வெறும் கோபுரம் இல்லை. நாங்க பிறந்தப்ப அது மொட்டைக் கோபுரம். நூத்துக்கணக்கான வருஷமா அடித்தளத்தோட நின்னுபோனதை அகோபில மடத்து 44-ஆம் ஜீயர் எடுத்துக் கட்டி, 1987 மார்ச்ல கும்பாபிஷேகம். அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு, எனக்கு ஒன்பது. கூட்டத்துல என் கையை விடாம இறுக்கிப் பிடிச்சிருந்தா, நகம் பதிஞ்சிருந்தது. இன்னொரு சங்கதி பாருங்க, அடோபி இல்லஸ்ட்ரேட்டர்னு இதே மாதிரி இன்னொரு மென்பொருள் முதன்முதலா வெளிவந்ததும் அதே 1987தான். கனடாவிலேர்ந்து கோரல் டிரா வந்தது 1989. நாங்க அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக்கிட்டிருந்த காலத்துல, அந்தக் கோபுரத்தை ஒருநாள் எழுத்துக்குள்ளே கொண்டுபோகப் போற கருவி கடல் கடந்து எங்கேயோ பிறந்துக்கிட்டு இருந்திருக்கு!

கடையை விட்டு இறங்கி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். ஏறினதும் ஒரு மாதிரி ஆயிட்டேங்க. பார்க்கிற எழுத்தெல்லாம் சன்னலாத் தெரியுது. டீக்கடை போர்டுல "டீ" இருந்தா அதுக்குள்ளே நுரை பொங்குது, துணிக்கடை போர்டுல "பட்டு"ன்னு பார்த்தா "ட்டு"வுக்குள்ளே ஜரிகை ஓடுது, காவிரிப் பாலத்து மேல பஸ் ஏறினதும் பின்னாடி திரும்பிப் பார்த்தா மலைக்கோட்டை, அதை எந்த எழுத்துல வைக்கலாம்னு மனசு தேடுது. ஆங்கிலத்து எழுத்துல நிறைய நேர்க்கோடு. நம்ம எழுத்தை யோசிச்சுப் பாருங்க, வளைஞ்சு, சுழிஞ்சு, திரும்பி, தன்னையே சுத்திக்கிட்டு ஓடற எழுத்து. அதுக்குள்ளே படம் போட்டா கண்ணு வளைவு வழியா ஊர் சுத்தி வரும். உலகத்துல படம் நிரப்பறதுக்குன்னே பிறந்த எழுத்து தமிழ்தான். அடிச்சுச் சொல்வேன்.

எங்க ஊர்க்காரர் சுஜாதா ஒரு கதையில ஆள் படி இறங்கறதை, எழுத்துகளையே ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா படிப்படியா அச்சடிச்சுக் காட்டினார். படிச்சவங்க மறக்கவே மாட்டாங்க. அதுக்கும் பல நூற்றாண்டு முன்னாடி திருமங்கையாழ்வார் திருவெழுகூற்றிருக்கை பாடினார். அதைத் தேர் வடிவத்துல அடுக்கி ரதபந்தமா எழுதறது வழக்கம். கும்பகோணம் சாரங்கபாணி கோயில்ல அப்படி எழுதி வச்சிருக்காங்க. அங்கே படத்துக்குள்ளே எழுத்து. இங்கே நான் செய்யறது எழுத்துக்குள்ளே படம். ஆழ்வார் பேரால ஆலிநாடன் திருச்சுற்றுன்னு ஒரு பிராகாரமே எங்க கோயில்ல இருக்கு. அதே சுத்துல இருக்கிற சேஷராயர் மண்டபத்துக் குதிரையைத்தான் "ங்" எழுத்துக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். எல்லாம் எப்படி ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக்குது பாருங்க!

கடையில வேலையை ஒப்படைச்சிருக்கலாம். மனசு கேட்கலை. நானே செய்யணும்னு வெறி. இங்க்ஸ்கேப்னு ஒரு மென்பொருள், 2003-லேர்ந்து இருக்கு, காசே வேண்டாம், இறக்கிக்கிட்டா உங்களுது. ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். எதையும் பிள்ளையார் சுழியோடதானே ஆரம்பிக்கணும்? "உ" போட்டேன். அதுக்குள்ளே யாரை வைக்கிறது? உச்சிப் பிள்ளையாரைத் தவிர வேற யாரை வைப்பேன்! தெப்பக்குளத்துப் பக்கம் நின்னு எடுத்த மலைக்கோட்டைப் படம் இருந்தது. கீழே தண்ணி, மேலே பாறை, பாறை உச்சியில கோயில். எழுத்தைப் படத்து மேல வச்சேன். இதை மட்டும் மறக்காதீங்க, எழுத்து மேலே, படம் கீழே. ரெண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, "ஆப்ஜெக்ட்" மெனுவுல "கிளிப்", அதுக்குள்ளே "செட்". தட்டினதும்... கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க, "உ"வோட சுழியில பாறையும் கோயிலும், அடியில வலது பக்கம் நீண்டு போகுதே அந்தக் கோட்டுல முழுக்கத் தெப்பக்குளத்துத் தண்ணி, தண்ணியில மலையோட நிழல்! வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் மட்டும் அந்த "உ"வை அரை மணி நேரம் பெருசாக்கிப் பார்க்கிறேன், சின்னதாக்கிப் பார்க்கிறேன், பெருசாக்கிப் பார்க்கிறேன்.

இங்க்ஸ்கேப்ல ஒரு வேடிக்கை. கோரல்ல பிரிக்கிற அதே கன்ட்ரோல்-கே இங்கே சேர்க்கும். பிரிக்கணும்னா கூட ஷிப்டையும் அழுத்தணும். கடையில பார்த்த ஞாபகத்துல அழுத்தி அழுத்தி மொத்த வார்த்தையையும் ஒரே கட்டியா ஆக்கிட்டேன். அதுவும் நல்லதுக்குத்தான்! அந்தக் கட்டிக்குக் கீழே காவிரியோட ஒரு நீளப் படத்தை வச்சு கிளிப் பண்ணினா, "ஸ்ரீ"யில நுழைஞ்ச ஆறு "ம்"ல போய் வெளியே வருது. ஒரே ஆறு அஞ்சு எழுத்துலயும் ஓடுது. அதையும் சேமிச்சு வச்சுக்கிட்டேன், அதை ஏன் விடணும்.

இதுல எனக்குப் பைத்தியம் பிடிக்க வச்ச விஷயம் என்னன்னா, இது வெட்டறது இல்லை. கத்திரிக்கோலால வெட்டினா வெட்டினதுதான், மிச்சம் குப்பை. இங்கே படம் முழுசா அப்படியே இருக்கு, எழுத்துக்கு வெளியே இருக்கிறது கண்ணுக்கு மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். கிளிப் பண்றதுக்கு முன்னாடி படத்தை மட்டும் ஒரு "குரூப்" ஆக்கி வச்சுட்டா, உள்ளே போய்ப் படத்தை மட்டும் பிடிச்சு நகர்த்தலாம். எழுத்து அசையாது. படம் அடியில ஊர்ந்து போகும். பஸ் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் நகர்றதைப் பார்க்கிற மாதிரி! ஒரு விரல்கடை நகர்த்தினா வேற படம், இன்னொரு விரல்கடை நகர்த்தினா வேற படம். பிடிக்கலையா, "ரிலீஸ்"னு ஒரு தட்டு, எழுத்து தனி, படம் தனி.

"ர"வுக்கு முதல்ல வெள்ளைக் கோபுரத்தை வச்சுப் பார்த்தேன். "ர"வோட நடு வெற்றிடம் ஆச்சே, கோபுரம் சரியா அந்த வெற்றிடத்துல போய் நின்னு காணாமப் போச்சு. ரெண்டு காலுலயும் வெறும் ஆகாசம். அப்பதான் புரிஞ்சுது, எழுத்தோட எலும்பு எங்கே இருக்கோ அங்கேதான் படத்தோட உயிர் இருக்கணும். அம்மா மண்டபம் படித்துறைக்கு மாத்தினேன். படிகள் குறுக்கே ஓடுது, ஒரு கால்ல ஆரம்பிச்ச படி நடுவுல மறைஞ்சு அடுத்த கால்ல தொடருது, மறைஞ்ச இடத்தைக் கண்ணே நிரப்பிக்குது. ஈரப் படி, ஒரு பித்தளைச் சொம்பு, யாரோ பிழிஞ்ச வேட்டியோட ஓரம். "ங்"ல சேஷராயர் மண்டபத்துக் குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு எழும்புது, அந்தக் கழுத்து வளைவு எழுத்தோட வளைவுலயே போய்ப் பொருந்தினதைப் பார்த்து வாய்விட்டுக் கத்திட்டேன், வீட்டம்மா எழுந்து வந்துட்டா.

"க"வுக்குக் கொள்ளிடம். அதுவும் இப்ப இருக்கிற பாலம் இல்லை. 1928-ல கட்டின பழைய இரும்புப் பாலம். அதுல சைக்கிள்ல போய் நம்பர் ஒன் டோல்கேட்ல கரும்புச்சாறு குடிச்சுட்டுத் திரும்பி வருவோம், அக்கா முன்னாடி, நான் பின்னாடி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அதோட தூண்கள் சரிஞ்சு விழுந்தப்ப, அந்தச் செய்தியை அக்காவுக்கு எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன். பாலத்தோட இரும்புச் சட்டங்கள் "க"வோட தலைக்கோட்டுல நீளமா ஓடுது, வயித்துல மணல் திட்டு, நாணல், கொஞ்சம் தண்ணி. ஊர்ல இல்லாமப் போன பாலம் ஊர்ப் பேருல நிக்குது.

இனி "ம்". இதை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது. சித்திரை வீதியில நாங்க இருந்த வீட்டுத் திண்ணையோட ஒரு கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கை அளவு, ஓரம் மடிஞ்சது. நல்லா வரணும்னு 1200 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன். இடது பக்கம் மரத்தூண், கீழே இழைக்கோலம், வலது பக்கம் நிலைப்படியில பாட்டி நிக்கறா. என் கவனமெல்லாம் திண்ணை மேலதான். தூண் "ம"வோட இடது கோட்டுக்குள்ளே நிமிர்ந்து நிக்கணும், கோலம் அடிக்கோட்டுல வரணும். மணி ரெண்டு இருக்கும். படத்தைப் பிடிச்சு மெல்ல இடது பக்கமா நகர்த்தறேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், தூண் வந்து பொருந்திடுச்சு, கோலம் வந்துடுச்சு, அப்பாடான்னு மவுஸை விட்டுட்டு நிமிர்ந்து மொத்தமா பார்க்கிறேன், "ம"வுக்கு மேல புள்ளி, அந்தப் புள்ளிக்குள்ளே பாட்டி! முகம் மட்டும்! சரியா நடுவுல, தேய்ச்சு வட்டமா வெட்டி வச்ச மாதிரி, ரெண்டு மூக்குத்தியும் தெரியுது, எங்களைப் பார்த்து "வந்துட்டீங்களா"ன்னு கேட்கிற அதே பார்வை! நான் வைக்கலைங்க. நான் தூணைத்தான் வச்சேன். பாட்டி தானா வந்து புள்ளியில உட்கார்ந்துட்டா. புள்ளியை எழுத்தோட சேர்த்துக் கம்பைன் பண்ணச் சொன்னாரே அந்தத் தம்பி, பண்ணாம விட்டிருந்தா அந்த இடம் வெறும் கறுப்புப் புள்ளியாப் போயிருக்கும், பாட்டி இல்லை! நான் எழுந்து ஹால்ல ரெண்டு தடவை நடந்தேன், தண்ணி குடிச்சேன், திரும்ப வந்து பார்த்தேன், அங்கேயே இருந்தா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, துடைக்கக்கூடத் தோணலை, கன்ட்ரோல்-எஸ் மட்டும் பத்துத் தடவை அடிச்சேன்.

குறைன்னு தேடினா ஒண்ணு ரெண்டு இருக்கும். படம் கனமா இருந்தா என் பழைய லேப்டாப் கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு. ஒல்லி எழுத்துரு உதவாது, பாலூ தம்பி மாதிரி உருண்டு திரண்ட எழுத்துருவா எடுங்க, கூகுள்ல இலவசமாக் கிடைக்கும். படத்துல ஆகாசம் வெளுப்பா இருந்தா வெள்ளைத் தாள்ல எழுத்தோட ஓரம் கரைஞ்சு போயிடும். அதனால கிளிப் பண்றதுக்கு முன்னாடியே எழுத்தை ஒரு நகல் எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறமா அந்த நகலுக்கு மெல்லிசா ஒரு கோடு மட்டும் கொடுத்து மேல உட்கார வைங்க. படத்தை உள்ளே கொண்டு வரும்போது "எம்பெட்"னு கொடுங்க, "லிங்க்"னு கொடுத்துட்டு அப்புறம் படத்தை வேற இடத்துக்கு மாத்தினா எழுத்துக்குள்ளே படம் இருக்காது. அவ்வளவுதான், இதெல்லாம் ஒரு குறையா!

அதே மெயின் கார்டு கேட் கடையில கேன்வாஸ்ல 36 அங்குல அகலத்துக்கு அச்சடிச்சேன். டிசைனர் தம்பி ஒவ்வொரு எழுத்தாப் பார்த்துக்கிட்டே வந்து புள்ளியில வந்து நின்னார். "சார், இது யாரு?"ன்னார். சொன்னேன். அவர் ஒண்ணும் பேசாம ஒரு தடவை விரலால அதைத் தொட்டுப் பார்த்தார்.

பார்சல் மெல்பர்ன் போய்ச் சேர்ந்ததும் அக்கா வீடியோல வந்தா. பிரிச்சு விரிச்சா. "கோபுரம்டா!"ன்னா. "அம்மா மண்டபம்! குதிரை! டேய், நம்ம பாலம்டா!"ன்னு ஒவ்வொரு எழுத்தாக் கூவிக்கிட்டே வந்தா. "ம்"ல வந்ததும் திண்ணைன்னா, கோலம்னா, அப்புறம் கேன்வாஸ் பக்கத்துல முகத்தைக் கொண்டுபோனா. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. திரையில அவ உச்சந்தலை மட்டும்தான் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு, "எப்படிடா இங்கே வந்தா?"ன்னா.

உங்க ஊர்ப் பேரை எடுத்துக்குங்க. உறையூரோ லால்குடியோ மணப்பாறையோ, இல்லை வெறும் நாலு வீடு இருக்கிற கிராமமோ, எதுவா இருந்தாலும் சரி. எழுத்து எழுத்தாப் பிரிச்சு வச்சுக்குங்க. பழைய பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்க. இன்னைக்கு ராத்திரியே உட்காருங்க, முதல்ல ஒரு "உ" போடுங்க. பேருல புள்ளி இருந்தா அதைத் தனியா விட்டுடாதீங்க.